வாயசைவு பழையது, பாட்டு புதியது

சென்ற மாதம் வலையபட்டியில் சித்தப்பா வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் சொல்லிக் கொடுக்கிற வேலையும் என் தலையில்தான். மவுஸ் பிடிப்பது, பைலைத் திறப்பது எல்லாம் முடிந்ததும், அவரிடம் இருந்த 'ஹே ராம்' டிவிடியைப் போட்டு ஒரு பாட்டை ஓட விட்டேன். பாதியில் சித்தப்பா கேட்டார்: "தம்பி, இந்தப் படத்துக்கு மொதல்ல வேற ஒருத்தர் பாட்டுப் போட்டு, அதுக்கு ஷூட்டிங்கும் முடிஞ்சு போச்சாம்ல? அப்புறம் இளையராஜா புதுசாப் போட்டார்னா இந்த வாய் எப்புடிப்பா பொருந்துது?"

நல்ல கேள்வி. பதிலை வாயால் சொல்வதைவிடக் கம்ப்யூட்டரில் செய்து காட்டுவது சுலபம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செய்து பார்க்கலாம். வேண்டியவை இரண்டு இலவச சாப்ட்வேர்கள்தான்: விஎல்சி பிளேயர், ஆடாசிட்டி. முதலில் கதையைப் பார்த்துவிடுவோம்.

நடந்தது என்ன?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'ஹே ராம்' படத்துக்குக் கமல்ஹாசன் முதலில் அமர்த்தியது வயலின் மேதை எல்.சுப்ரமணியத்தை. அவர் இசையில் பாடல்கள் பதிவாகி, படமும் பிடிக்கப்பட்டன. பிறகு இருவரும் பிரிந்தார்கள். அந்த நிலையில் இளையராஜா உள்ளே வந்தார். பாடல்களைப் புதிதாகப் போட்டு, காட்சிகளையும் மறுபடி எடுத்துவிடுவது சாதாரண வழி. அதற்குப் பணமும் வேண்டும், நடிகர்களின் தேதியும் வேண்டும். இளையராஜா எடுத்தது வேறு வழி. ஏற்கெனவே எடுத்த காட்சிகளைத் திரையில் ஓட விட்டு, அந்த வாயசைவுக்கே பொருந்துகிற மாதிரி வேறு மெட்டுகளைப் போட்டார். பின்னணி இசையை ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகர இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். படம் தமிழிலும் இந்தியிலும் தயாரானது. ஆகவே வாயசைவுத் தொல்லையும் இரண்டு மொழிக்கு.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், படம் பார்க்கும்போது இது எதுவும் தெரிவதில்லை என்பது. தெரிந்துகொண்டு பார்த்தாலும் தெரியவில்லை!

காரைக்குடிக்காரர் செய்த காரியம்

படத்தையும் குரலையும் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்று தமிழ் சினிமாவுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் எங்கள் பக்கத்துக்காரர். காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன். சினிமாவுக்கு வருமுன் அவர் செய்தது கிராமபோன் இசைத்தட்டு வியாபாரம். படத்தில் பங்கு கொண்டபோதும் அவர் காது இசைத்தட்டுக்காரரின் காதாகவே இருந்தது. 1938-இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிக் குரலின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். 1943-இல் எடுத்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை அடுத்த வருடமே தமிழில் டப்பிங் செய்தார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் அவர் போட்ட ஸ்டூடியோவிலேயே எடுத்த படம்.

நம் கதைக்கு வேண்டியது இவற்றுக்கு நடுவில் வந்த 'ஸ்ரீ வள்ளி' (1945). டி.ஆர்.மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. (பின்னாளில் நடிகை லட்சுமியின் தாயார்.) வள்ளி நன்றாக நடித்திருந்தார். ஆனால் மகாலிங்கத்தின் கணீர்க் குரலுக்கு எதிரில் அவர் பாட்டு எடுபடவில்லை என்று மெய்யப்பனுக்குப் பட்டது. வள்ளியின் பாடல்களை பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்துப் பதிவு செய்து, ருக்மிணியின் குரல் இருந்த இடத்தில் சேர்த்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். இன்று நாம் மவுஸால் இழுத்து ஒரு பாட்டின் மேல் இன்னொரு பாட்டை வைக்கிறோம். தவறினால் 'அன்டூ'. 1945-இல் அன்டூ கிடையாது. திரையில் ருக்மிணியின் வாய் எப்போது திறக்கிறதோ அப்போது பெரியநாயகியும் திறக்க வேண்டும். அதே மெட்டு, அதே சொற்கள் என்பது மட்டும்தான் அவருக்கு இருந்த சலுகை. 55 வருடம் கழித்து இளையராஜாவுக்கு அந்தச் சலுகையும் இல்லை, மெட்டே புதிது.

கணக்கில் எவ்வளவு இடம் இருக்கிறது?

சினிமா பிலிம் ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. அதாவது ஒரு பிரேமுக்குச் சுமார் 42 மில்லி விநாடி. பழைய பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 0.625 விநாடி, சரியாக 15 பிரேம். பாடுகிறவர் தலையை ஆட்டுவதும், ஆடுகிறவர் காலைத் தட்டுவதும் இந்த 15 பிரேமுக்கு ஒரு முறை படத்தில் பதிந்துவிட்டது. புது இசையமைப்பாளர் 15 பிரேமில் தட்ட வேண்டும். அல்லது 30-இல் தட்டலாம், வேகமாக வேண்டும் என்றால் ஏழரையில் தட்டலாம். 13 பிரேமில் தட்டினால் நாலாவது தட்டிலேயே கால் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம்.

அடுத்தது உதடு. 'ப', 'ம' சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டும். 'வ'வுக்குக் கீழ் உதடு பல்லைத் தொடும். 'உ', 'ஓ' என்றால் குவியும், 'இ' என்றால் விரியும். 'க', 'ட', 'ந' எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிற சங்கதி, வெளியே அதிகம் தெரியாது. ஆகவே முகம் குளோசப்பில் இருக்கும்போது உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முகம் தூரத்தில் இருந்தாலோ பக்கவாட்டில் திரும்பியிருந்தாலோ அந்தக் கவலையும் இல்லை.

மீதி எல்லாம் சுதந்திரம்தான். ராகம் எதுவாகவும் இருக்கலாம், உதட்டில் ராகம் தெரியாது. வாய் மூடியிருக்கிற இடமெல்லாம் வாத்தியங்களுக்குச் சொந்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: உச்ச ஸ்தாயியில் பாடுகிறவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். அங்கே கீழ் ஸ்தாயியில் குரல் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். உங்களிடம் உள்ள ஒரு பாடல் காட்சி பைல் ஒன்று, ஏறக்குறைய அதே வேகத்தில் உள்ள வேறு பாட்டு எம்பி3 ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை எப்படி அறிவது? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 விநாடிக்கு மேசையில் தாளம் தட்டி எண்ணுங்கள். அதை நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 24 தட்டு என்றால் 96.

விஎல்சி பிளேயரைத் திறந்து 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் மல்டிப்பிள் பைல்ஸ்' கிளிக் செய்யுங்கள். 'ஆட்' பட்டனை அழுத்திப் பாடல் காட்சியைச் சேருங்கள். கீழே 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்ததும் பெட்டி பெரிதாகும். அதில் 'பிளே அனதர் மீடியா சிங்க்ரனஸ்லி' என்பதை டிக் செய்து, 'எக்ஸ்ட்ரா மீடியா' என்ற இடத்தில் மற்ற பாட்டின் எம்பி3 பைலைக் கொடுத்து, 'பிளே' அழுத்துங்கள். படம் ஓட ஆரம்பித்ததும் 'ஆடியோ' மெனுவில் 'ஆடியோ டிராக்' போய் இரண்டாவது டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். படம் அது, பாட்டு இது!

பெரும்பாலும் சிரிப்புத்தான் வரும். ஆனால் நடுநடுவே ஒன்றிரண்டு இடத்தில் வாயும் சொல்லும் சொல்லி வைத்ததுபோல் சேரும். சித்தப்பா வீட்டில் அப்படி ஓர் இடம் வந்தபோது அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

தாளம் சற்று முன்பின் இருந்தால் கீபோர்டில் 'கே' எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒலி 50 மில்லி விநாடி பின்னால் தள்ளும். 'ஜே' அழுத்தினால் முன்னால் வரும். எவ்வளவு நகர்ந்தது என்று திரையிலேயே காட்டும். 'இ' எழுத்தை அழுத்தினால் படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். உதடு ஒட்டுகிற பிரேமைத் தேட இது உதவும்.

ஒரு வேடிக்கை. மறுபடி சரியான பாட்டையே வைத்து 'கே'யை இரண்டு தடவை அழுத்துங்கள். ஒலி 100 மில்லி விநாடி தாமதம். வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதையே 'ஜே' பக்கம் 100 தள்ளிப் பாருங்கள், "என்னமோ சரியில்லையே" என்பார்கள். உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த தரத்திலும் இப்படித்தான் இருக்கிறது: ஒலி முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே தெரியும், பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் துணி படுவது முதலில் கண்ணில் தெரியும், சத்தம் பிறகு வரும். நம் மூளைக்கு அந்த வரிசைதான் பழக்கம்.

அந்தப் படத்தின் கேசட் பாட்டையே டிவிடி படத்தின் மேல் வைத்தால்கூடச் சில சமயம் போகப் போக விலகும். உங்கள் தவறு இல்லை. பால் முறை டிவிடியில் 24 பிரேம் படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 4 நிமிடப் பாட்டு 230 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஒரு மயிரிழை ஏறும். ஆடாசிட்டியில் 'எபெக்ட்' மெனுவில் 'சேஞ்ச் ஸ்பீட்' கொடுத்தால் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும். 'சேஞ்ச் டெம்போ' கொடுத்தால் வேகம் மட்டும் மாறும், சுருதி அப்படியே இருக்கும். இந்த இடத்துக்கு முன்னது. (இவை எல்லாம் வீட்டுக்குள் பார்த்து ரசிக்க மட்டும். இணையத்தில் ஏற்றினால் உரிமைக்காரர்கள் வந்து நிற்பார்கள்.)

கழித்துவிட்ட இசை எங்கே போகிறது?

சித்தப்பாவின் அடுத்த கேள்வி இது. முதலில் போட்ட பாட்டு என்ன ஆகும்?

ஹாலிவுட்டில் இதற்குப் பேர்போன உதாரணம் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968). இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், 'ஸ்பார்டகஸ்' படத்தில் தமக்கு இசையமைத்த அலெக்ஸ் நார்த்தையே கூப்பிட்டார். நார்த் எழுதி, லண்டனில் பதிவும் செய்தார். ஆனால் எடிட்டிங்கின்போது தற்காலிகமாக வைத்திருந்த ஸ்ட்ராஸ் முதலானோரின் பழைய இசை குப்ரிக்கின் காதில் ஊறிவிட்டது. கடைசியில் அதுவே நின்றது. படம் திரையிட்ட அன்று கொட்டகையில் உட்கார்ந்துதான், தம் இசையில் ஒரு துளியும் இல்லை என்பதை நார்த் தெரிந்துகொண்டார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குப்ரிக்கின் படம் எனக்குப் பிடிக்கும், இந்தக் காரியம் பிடிக்காது.

நார்த் 1991-இல் இறந்தார். 1993-இல் அவருடைய நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித், அந்த இசையை நேஷனல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து முழுவதும் புதிதாக வாசித்துப் பதிவு செய்து வெளியிட்டார். இத்தனைக்கும் கோல்ட்ஸ்மித், 'சைனாடவுன்' (1974) படத்தில் வேறொருவர் இசை வேண்டாம் என்றானபோது பத்தே நாளில் புது இசை எழுதிக் கொடுத்தவர். 'லெஜண்ட்' (1985) படத்தின் அமெரிக்கப் பதிப்பில் அவர் இசையையே எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்த மனிதர். நார்த்தின் 1968-ஆம் வருட அசல் பதிவும் 2007-இல் சிடியாக வந்தது. அவர் தம்மிடம் நாடாவை வைத்திருந்ததால் வந்தது.

இன்னொன்று ஹிட்ச்காக்கின் 'டார்ன் கர்ட்டன்' (1966). பெர்னார்ட் ஹெர்மன் 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிராம்போன் என்று ஒரு விசித்திரப் படையைக் கூட்டியிருந்தார். பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்ச்காக் நிறுத்திவிட்டார். அதோடு இருவர் உறவும் முறிந்தது. 1977-இல் எல்மர் பெர்ன்ஸ்டைன் அந்த இசையை மறுபதிவு செய்தார். 1991-இல் 'கேப் பியர்' படத்துக்கு ஹெர்மனின் பழைய இசையைத் தழுவி அமைக்கும்போது, 'டார்ன் கர்ட்டன்' துண்டுகளையும் உள்ளே வைத்துவிட்டார். 25 வருடம் கழித்துக் கொட்டகையில் ஒலித்தது.

நம் நாட்டில் 'பாகீஸா' இருக்கிறது. படம் முடிய வருடக்கணக்காக இழுத்தது. இசையமைப்பாளர் குலாம் முகமது 1968-இல் காலமானார், படம் 1972-இல்தான் வந்தது. அவர் போட்டுப் படத்தில் சேராத பாடல்கள் 1977-இல் தனி இசைத்தட்டாக வெளிவந்தன.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மறுபதிவு செய்ய ஒன்று நாடா வேண்டும், அல்லது தாளில் எழுதிய நோட்ஸ் வேண்டும். ஹாலிவுட்டில் தாள் இருந்தது. நம் ஊரில் பல மெட்டுகள் ஆர்மோனியப் பெட்டியிலிருந்து நேரே பாடகர் காதுக்குப் போனவை. அங்கே நாடா போனால் பாட்டே போயிற்று.

இதில் நம் வீட்டு கேசட்டுகளுக்கு ஒரு மரியாதை உண்டு. தமிழில் அப்போதெல்லாம் படம் வருமுன்பே பாடல் கேசட் வந்துவிட்டது. பிறகு எடிட்டிங்கில் என்ன வெட்டினாலும் கேசட்டில் அது இருந்தது. 'தளபதி' (1991) கேசட்டில் உள்ள 'புத்தம் புது பூ பூத்ததோ' பாட்டைப் படத்தில் தேடினால் கிடைக்காது. பெரிய படம் என்பதால் அது பிழைத்துக்கொண்டது. ஓடாத படங்களின் கேசட்டுகள் உங்கள் பரணில் மட்டுமே இருக்கலாம்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது

முதலில் கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் சும்மா இருந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிறகு பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள நீலநிற 'லைன் இன்' துளைக்கு ஸ்டீரியோ வயர் போடுங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன் இன் இருக்காது. அதற்கு யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய ஆடியோ கருவி வாங்க வேண்டியிருக்கும்.

ஆடாசிட்டியில் 44100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்துச் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். மீட்டர் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபல் அளவில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், பிறகு தைக்க முடியாது. முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' செய்யும்போது 'வேவ்' பைலாகச் சேமியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி ஆகும். 'பிளாக்' முறையில் சேமித்தால் ஏறக்குறையப் பாதியாகும், தரம் கொஞ்சமும் குறையாது. எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஒரு எம்பிதான், ஆனால் தூக்கி எறிந்த மீதி திரும்பி வராது. இரைச்சலை நீக்கும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' எல்லாம் காப்பியில் செய்யுங்கள். அசலைத் தொடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கல்லூரிக் கடைசி வருடம் நண்பர்கள் சேர்ந்து 8 நிமிடக் குறும்படம் எடுத்தோம். கூடப் படித்தவன் கீபோர்டில் இசை போட்டுக் கொடுத்தான். "சோகமாக இருக்கிறது" என்று ஒதுக்கிவிட்டு வேறு போட்டுக்கொண்டோம். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று அவன் புராஜெக்ட் பைலை டெலீட் செய்தது நான்தான். மூன்று வருடம் கழித்துப் படத்தை மறுபடி பார்த்தபோது அவன் இசைதான் சரி என்று எல்லோருக்கும் பட்டது. அவனைக் கூப்பிட்டுத் திரும்ப வாசிக்கச் சொன்னோம். மறுக்காமல் வாசித்தான். நன்றாகவே இருந்தது. ஆனால் அது அந்தப் பழைய இசை இல்லை. எங்கே மாறிற்று என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இருப்பது, எப்போதோ அவன் மெயிலில் அனுப்பிய 40 விநாடி எம்பி3 ஒன்றுதான்.

சித்தப்பா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே 23 கேசட். மூன்றில் நாடா வெளியே வந்திருந்தது, பென்சில் விட்டுச் சுற்றி உள்ளே தள்ளினோம். அன்று சாயங்காலம் இரண்டு கேசட் ஏற்றி முடித்தோம். மீதியை அவரே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். படத்தின் பெயர், வருடம், ஏ பக்கமா பி பக்கமா என்று பைல் பெயர் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று போன் செய்தார். ஒன்பதாவது கேசட்டில் பி பக்கம் கடைசியில் ஒரு பாட்டு, அட்டையில் பெயரே போடவில்லையாம். பைலுக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார்.